அரிப்புக் கடலில் ஒரு ஓட்டை

அரிப்பு என்ற மீனவ ஊரின் கரையில் இணையக் கம்பம் நாட்டிய அன்று, திட்டத்தின் தலைவர் கலாநிதி சரவணமுத்து ஆற்றிய உரை கம்பத்தைவிட உயரமாக இருந்தது. கம்பத்தின் உச்சியில் பூட்டிய வெள்ளைத் தட்டுகள் கடலுக்குள் இருபத்தைந்து கிலோமீற்றர் வரைக்கும் இணையத்தைக் கொண்டுபோகும் என்பதுதான் சொல்லவேண்டிய விஷயம். அதை அவர் ஆதிமனிதன் மலையில் நின்று கூக்குரலிட்ட காலத்திலிருந்து ஆரம்பித்தார். ஆதிமனிதன் அரிப்புக்கு வந்து சேர்வதற்குள் பந்தலில் சோடா தீர்ந்துவிட்டது.

முன்வரிசைக் கதிரையில் இருந்த பெற்றிசியாவுக்கு ஆதிமனிதனில் அக்கறை இல்லை. அவளுடைய கவலையெல்லாம் தன் புருஷன் அமிர்தநாயகத்தைப் பற்றியது. போன வருஷம் நடுக்கடலில் அவருடைய போட் எஞ்சின் நின்றுபோனது. சீனி வருத்தக்காரர், நீரிழிவு. கையில் இருந்த போன், கரையிலிருந்து ஒரு சொட்டு சிக்னலும் எட்டாத அந்த இடத்தில், எப்படியோ இந்தியக் கோபுரம் ஒன்றைப் பிடித்து, "இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று உற்சாகமாகச் செய்தி அனுப்பியது. வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கத்தான் விடவில்லை. மறுநாள் இன்னொரு போட் அவரைக் கட்டி இழுத்து வரும்வரை பெற்றிசியா கரையைவிட்டு அசையவில்லை. வந்திறங்கிய மனிதர் முதலில் கேட்டது தேநீர்தான்: "பிளேன்ரீ இருக்கோ?" அவள் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள்: இனி இந்த மனிதர் கடலில் எங்கே நின்றாலும் தன் குரலுக்கு எட்டும் தூரத்தில்தான் நிற்கவேண்டும்.

ஆகவே மீனவர் சங்கத்தில் போட்டுகளுக்கு இணையப் பெட்டி பூட்டப் பெயர் கேட்டபோது, அமிர்தநாயகத்தின் பெயரைக் கொடுத்தது பெற்றிசியா. கையோடு தன் தமையன் எட்வேட்டின் பெயரையும் கொடுத்தாள். பரிசோதனைக்கு இரண்டு போட்டுகள் போதுமென்று அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். பெட்டியை இடையில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் திட்டக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், தெரியும், தெரிந்தால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது நிபந்தனை. போட் போகும் வழியெல்லாம் பெட்டி தானாகவே புள்ளி புள்ளியாகக் கந்தோருக்கு அறிவிக்கும். பெட்டிகளைப் பொருத்தியவள் துஷ்யந்தி. வெள்ளாங்குளத்துப் பிள்ளை, பொறியியல் படித்தவள், கெட்டிக்காரி. ஒரே குறை, கடல் அவளுக்கு ஒத்துவராது. போட் நங்கூரத்தில் நிற்கும்போதே வாந்தி எடுப்பாள்.

முதல் கிழமை ஏழு நாளும் வெகு சிறப்பு. அமிர்தநாயகம் கடலில் வலை இறக்குவதைப் பெற்றிசியா அடுப்படியில் நின்று பார்த்தாள். "தொப்பியைப் போடுங்கோ, வெயில்" என்றாள். அவர் போட்டார். அரிப்பில் இருந்து புறப்பட்ட அகல அலைவரிசைத் தொழில்நுட்பம், நாற்பது வருஷத் தாம்பத்தியத்தால் முடியாத ஒன்றை நிமிஷத்தில் சாதித்தது.

பிறகுதான் கோளாறு. காலையில் போகும்போது படம் கண்ணாடிபோல இருக்கும். ஓரிடத்துக்குப் போனதும் படார் என்று அறுந்துபோகும். மத்தியானம்வரை ஆள் இல்லை. திரும்பி வரும்போது மறுபடி முகம் தெரியும்.

"எங்கயப்பா போனனீங்கள்? போனில அடிச்சு அடிச்சு கை உளையுது."

"சிக்னல் இல்லை, நான் என்ன செய்ய? அந்தக் கம்பத்தைப் போய்க் கேள்."

எட்வேட்டின் வீட்டிலும் அதே கதை. துஷ்யந்தி வந்தாள். கம்பத்தில் ஏறினாள், தட்டுகளைத் திருப்பினாள், வாயில் எலுமிச்சம்பழத் துண்டை வைத்துக்கொண்டு அமிர்தநாயகத்தின் போட்டில் கடலுக்கும் போனாள். போன இடமெல்லாம் சிக்னல் நிறைந்து வழிந்தது.

"அங்கிள், இன்னும் கொஞ்சம் தெற்காலை போய்ப் பாப்பமா?"

"வேண்டாம் பிள்ளை. அங்க அலை கூட. உன்ர குடல் வெளியில வந்திடும்."

எவ்வளவு இரக்கமான மனிதர் என்று அவள் கண்கலங்கினாள்.

கலாநிதி சரவணமுத்துவுக்கோ இந்தக் கோளாறு பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது. கடல் நீர் ஆவியாகி மேலெழும்போது அலைகளை வளைத்து விழுங்குகிறது என்று ஒரு கொள்கையை வகுத்தார். அதற்குப் பெயர் வைத்து, சிங்கப்பூர் மாநாடு ஒன்றில் வாசிக்கவும் இடம் பிடித்துவிட்டார். முடிவு மட்டும் அரிப்புக்கு நல்லதாக இல்லை. இந்தக் கடல் இணையத்துக்கு உகந்ததல்ல, கம்பத்தைப் பிடுங்கி அடுத்த ஊரான சிலாவத்துறையில் நாட்டலாம் என்று சிபாரிசு செய்யப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்க மண்டபத்தில் கூட்டம்.

கூட்டத்துக்கு முதல் நாள் பெற்றிசியா இறைச்சி காய்ச்சப் பெரிய அலுமினியச் சட்டியைத் தேடினாள். வீட்டில் இல்லை. அயலில் இல்லை. கடைசியில் அது அகப்பட்டது அமிர்தநாயகத்தின் போட்டில், வலைக்குக் கீழே. சட்டியின் இரண்டு காதிலும் கயிறு கட்டியிருந்தது. போட்டில் நட்டிருந்த இணையப் பெட்டிக்கு மேல் கவிழ்த்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியது.

"இஞ்சேருங்கோ. இது என்ன?"

அமிர்தநாயகம் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழை வந்தால் பெட்டி நனையுமெண்டு…"

"பங்குனி மாசத்தில மழையோ?"

மனிதர் மணலில் குந்திவிட்டார். கதை வெளியே வந்தது. தெற்கே கடலடியில் ஒரு பார் இருக்கிறது. பாறைத்திட்டு. விளைமீன் அங்கே கூட்டம் கூட்டமாக நிற்கும். அவருடைய அப்பு, செத்துப்போன தகப்பன், அவருக்கு மட்டும் காட்டிவிட்டுப் போன இடம். பெட்டி வழியெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு போனால் பார் எங்கே என்று கந்தோருக்குத் தெரியும். கந்தோருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். பெட்டியை நிறுத்தினால் பிடிபடும்; அலுமினியத்தால் மூடினால் சிக்னல் இல்லாததுபோல இருக்கும்.

"ஊருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லை. உன்ர கொண்ணன் எட்வேட்டுக்குத் தெரியக்கூடாது. அவன்ர போட் கரையில கிடக்கிற நாளாப் பாத்துத்தான் நான் அங்க போறனான்."

"அப்ப எஞ்சின் நிண்டு மிதந்ததும் அங்கதானோ?"

"ஓம்."

பெற்றிசியா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீங்கள் மீனை ஒளியுங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் சட்டிக்குள்ள என்னையுமெல்லோ சேத்து மூடினனீங்கள்?"

அவர் மணலை விரலால் கிளறினார். "கூட்டத்தில சொல்லிப்போடாதை" என்றார்.

"மாதா மேல ஆணை, சொல்லமாட்டன். கம்பத்தைப் பிடுங்கட்டும். நான் பழையபடி கரையிலயே வந்து நிக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சரவணமுத்து இந்தமுறை ஆதிமனிதனைத் தவிர்த்து மேகங்களில் தொடங்கினார். ஒருவழியாகப் படம் சுவரில் விழுந்தது. அரிப்புக் கடல் முழுக்கப் பச்சைப் புள்ளிகள், அம்மை போட்டதுபோல. தெற்கே ஓரிடத்தில் மாத்திரம் ஒரு புள்ளிகூட இல்லை. வட்டமாக, வெள்ளையாக, தோசைக் கல்லில் ஊற்றிய மாவுபோல ஒரு ஓட்டை.

அமிர்தநாயகம் கதிரையின் விளிம்புக்கு வந்தார். எந்த இடத்தை மூடினாரோ அந்த இடம், மூடிய காரணத்தாலேயே, சுவரளவு பெரிதாக ஊரின் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் ஆவி விழுங்கும் வலயம்" என்றார் சரவணமுத்து. "சிவப்புக் கோடு அமிர்தநாயகம் அவர்களின் போட். நீலக் கோடு எட்வேட் அவர்களின் போட். இரண்டுமே இந்த வலயத்தின் விளிம்பில் மறைந்து, மறுபடி விளிம்பிலேயே தோன்றுகின்றன. இயற்கையின் விந்தை!"

மண்டபம் சுவரைப் பார்த்தது. பிறகு அமிர்தநாயகத்தைப் பார்த்தது. பிறகு எட்வேட்டைப் பார்த்தது. எட்வேட் எழும்பினார்.

"மச்சான், நீ அங்க என்ன செய்யிறாய்?"

"அதை நான் கேக்கவேணும்! நீ அங்க என்ன செய்யிறாய்?"

"அது என்ர பார்!"

"ஆற்ர பார்? என்ர அப்பு காட்டின பார்!"

"உன்ர அப்பு எனக்கும்தான் காட்டினவர், உன்ர தங்கச்சியைக் கட்டின மருமகனெண்டு! உனக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவர்! உன்ர போட் கரையில கிடக்கிற நாளாப் பாத்துப் பாத்துப் போறனான், தெரியுமே?"

பெண்கொடுத்துப் பெண்ணெடுத்த இந்தக் குடும்பத்தில் பாரும் அப்படியே பங்குபோயிருந்தது பெற்றிசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் மெதுவாக எழும்பினாள். ஆணையிட்டது புருஷனைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்றுதானே.

"அண்ணை, உங்கட வீட்டில என்ன சாமான் காணாமல் போனது?"

எட்வேட் தலை குனிந்தார். பின்வரிசையிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: "பெரிய பிஸ்கட் தகரம்!"

துஷ்யந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆவி விழுங்கும் வலயம் பிஸ்கட் தகரத்துக்குள் அடங்கிவிட்டதைச் சரவணமுத்து கிரகிக்கக் கொஞ்சநேரம் எடுத்தது. "அப்படியானால் சமிக்ஞையில் பழுது இல்லையா?" என்றார், யாரோ செத்துவிட்டதுபோல.

"பழுது ஆக்களில, சேர்" என்றாள் துஷ்யந்தி.

அமிர்தநாயகம் போட் வைத்திருக்கும் மற்றச் சம்மாட்டிமாரைத் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு ஊர் போட்டெல்லாம் பாரில் நிற்கும். அப்புவின் ஆன்மா மன்னிக்காது. சங்கத் தலைவர் கொட்டாவி விட்டார்.

"இதுக்கோ இவ்வளவு? அந்தப் பார் எங்களெல்லாருக்கும் தெரியும். கல்லுப் பார். வலை போட்டால் கிழிஞ்சுபோம். தூண்டிலோட உச்சி வெயிலில காய உங்கள் ரெண்டுபேரையும் விட்டால் ஆருக்கு விசர் பிடிச்சிருக்கு?"

ஒரு பரம்பரை இரகசியம் இதைவிட மரியாதையில்லாமல் செத்திருக்க முடியாது. கம்பம் அரிப்பிலேயே நிற்கட்டும் என்று கைதட்டித் தீர்மானித்தார்கள். சரவணமுத்து தன் கட்டுரைக்கு வேறு தலைப்பு யோசித்துக்கொண்டே வாகனத்தில் ஏறினார். மச்சான்மார் இருவரும் முகம்பாராமல் வீட்டுக்குப் போனார்கள், ஒரே தெருவால், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு.

திங்கட்கிழமை காலை பெற்றிசியா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அடித்தது அமிர்தநாயகம். அவராக எடுப்பது இதுதான் முதல்தரம்.

"என்னப்பா? எஞ்சினோ? சீனி இறங்கிட்டுதோ?"

"ஒண்டுமில்லை. பாருக்கு வந்திட்டன்."

கையைக் கழுவாமலே போனைப் பிடித்தாள். படத்தில் அவர் தொப்பியோடு இருந்தார். பிறகு போனைத் திருப்பிச் சுற்றிக் காட்டினார். நீலம், வெயில், நீலம். தூரத்தில் இன்னொரு போட்டில் அவளுடைய தமையன் முதுகைக் காட்டிக்கொண்டு தூண்டில் போட்டிருந்தார்.

"இதுதானோ?" என்றாள்.

"இதுதான்."

"ஒண்டுமே இல்லையே, வெறும் தண்ணி."

"கீழையெல்லோ எல்லாம் கிடக்கு."

"கீழை எப்பிடியிருக்கும்?"

அமிர்தநாயகம் தூண்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கத்தான் அவர் விட்டதுமில்லை. பிறகு சொல்லத் தொடங்கினார். பாறை எந்தப் பக்கம் சரிவு, நீரோட்டம் திரும்பும்போது மீன் எங்கே ஒதுங்கும், அப்பு முதல்முறை எந்த இடத்தில் கல்லைக் கட்டி இறக்கிக் காட்டினார் என்றெல்லாம். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. பெற்றிசியா எழும்பவில்லை.