மாமன் மேல் விழாத வெளிச்சம்

மாலை போட்ட காட்சியை மூன்றாவது முறையாக ஓட்டிக் காட்டினேன். கேமராவின் சின்னத் திரையில் சாம்பல் புள்ளிகள் கலைந்த எறும்புப் புற்று போல மொய்த்தன. அதற்குள் ஒரு மாலை, ஒரு கை, அப்புறம் தலையா தூணா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று.

“அந்தா, மொத மாலை உங்களுக்குத்தானே போடுறோம்!” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் புவனேந்திரன்.

“அது நானா? தோட்டத்து யூனியன் தலைவரோட வழுக்கத் தல அது!” என்று கத்தினார் வீரய்யா.

வீரய்யா பெண்ணின் தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் முதல் மாலையை மாமனுக்குப் போட வேண்டும். பிறகு அவர்தான் பெண்ணின் கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பெண் வாசல் தாண்டமாட்டாள். மணப்பெண் சுதர்ஷினி கூறைச் சேலையோடு கோயில் மண்டபத்துக்குள் காத்திருந்தாள். மாப்பிள்ளையின் ஊரான லுணுகலைக்குப் போகும் வேன் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

“கேமராக்காரரே, உங்க கேமரா குருடா?” என்று வீரய்யா என் பக்கம் திரும்பினார்.

“கண்ணு இருக்குங்க, வெளிச்சம்தான் இல்ல. விடியாத முகூர்த்தம், மண்டபத்துக்குள்ள பனி. கண்ணு கூசுதுன்னு என் லைட்டை அணைக்கச் சொன்னது நீங்கதானே?”

“வாயப் பாரு! பதுளையில துணி கிழிச்ச பரம்பரத் திமிரு!”

என் வாப்பாவை இழுத்ததில் தப்பில்லை. அவர் துணிக்கடையில், துணியைத் தூக்கிக்கொண்டு தெரு வெளிச்சத்துக்குப் போகிறவரிடம் மட்டும் பேரம் பேசாமல் விலையைக் குறைப்பார். இருட்டில் எதையும் விற்கலாம். மானத்தைக்கூட. இரண்டு வீட்டாரும் அதைத்தான் அந்தப் புள்ளிகளுக்குள் தேடினார்கள்.

சுதர்ஷினி எழுந்தாள்.

“மாமா, வாறீங்களா, இல்லையா?”

“மொத மாலை யாருக்குன்னு அவனுங்க வாயால சொல்லட்டும்.”

“அப்ப நான் போறேன்.”

யாரும் கை பிடிக்காமல் அவள் நடந்தாள். நான் முந்திக்கொண்டு வேன் பக்கம் ஓடிக் கேமராவைத் தூக்கினேன். பனி விலகி, தேயிலை மலை முழுக்க வெயில் அடித்தது. அவள் வாசற்படியில் இறங்கி நின்றாள். பின்னால், மண்டபத்து நிழலில், வீரய்யா.

ஒரு சட்டத்துக்குள் இரண்டு பேரையும் காப்பாற்ற முடியாது. நிழலில் நிற்கும் அவருக்காக லென்ஸின் துவாரத்தைத் திறந்தால் அவள் வெள்ளையாக எரிந்துபோவாள்.

“டேய், என் மூஞ்சி விழுதா?”

“விழுதுங்க,” என்றபடி லென்ஸ் வளையத்தை அவள் வெளிச்சத்துக்குத் திருகினேன். குங்குமம், உதட்டு வெடிப்பு, நனைந்த இமை, எல்லாம் தெளிந்து வந்தன. அவர் கரியானார்.

அந்தக் கரிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது, வாழ்த்தவா இழுக்கவா என்று திரை சொல்லவில்லை. வளையல்கள் குலுங்க, அவள் திரும்பிப் பார்த்தாள்.