இலோங்காவுக்குப் போடாத பந்தல்

எகிலாவை இப்போதெல்லாம் கையைப் பிடித்துத்தான் மேடையேற்ற வேண்டியிருக்கிறது. வயது காரணமில்லை, அலுப்பு. இந்தக் கின்ஷாசாவில் அவள் படம் ஒட்டாத பீர்க்கடைச் சுவர் கிடையாது. ஆனால் சுவர்களில் சிரிக்கிற அந்தப் பெண்ணை நான் வீட்டில் பார்த்து வருஷக்கணக்காகிறது. நான் போலும்பு, அவளுடைய பெரியம்மா மகள். அவளுக்குப் பின்பாட்டுப் பாடுவதும் நான்தான், தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் கொதிக்க வைப்பதும் நான்தான்.

ஆற்றோடு படகில் வந்து சேர்ந்த புதிதில் சாவு வீட்டுப் பந்தல்களில் பாடிப் பிழைத்தோம். செத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லி விடிய விடியப் பாட வேண்டும். எகிலாவின் குரல் அதில்தான் உரமேறியது. பிறகு பீர்க்கடை வாசல்களில் பாடினோம். அப்புறம் ஒனோரே வந்து சேர்ந்தான். தன்னைத் தயாரிப்பாளர் என்பான். என்னைக் கேட்டால் பெயர் வியாபாரி என்பேன்.

எங்கள் ஊர்ப் பாட்டில் காதல் இருக்கும், கண்ணீர் இருக்கும், நடுவில் பெரிய மனிதர்களின் பெயரும் இருக்கும். கல் எறிவது என்போம் அதை. காசு கொடுத்தவன் பெயரைத் தாளம் பார்த்து எறிய வேண்டும். எகிலா எழுதிய பாட்டுகளில் ஒனோரே கல்லாகக் கொட்டினான். சிமெண்டு விற்பவன், வைரம் விற்பவன், பாரிசில் பழைய கார் விற்பவன் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"நான் பாட்டு எழுதுறேனா, இல்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேனா?" என்று கேட்பாள் எகிலா.

ஒரே ஒரு பாட்டை மட்டும் அவள் விற்கவில்லை. அதில் வருவது ஒரே பெயர், இலோங்கா. அவள் மகன். பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். பச்சைக் குழந்தைக்கு எங்கள் பக்கம் பந்தல் கிடையாது. புதைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்ட வேண்டியதுதான். அன்று மாலையே எகிலா யாரோ ஒரு கிழவரின் பந்தலில் பாடப் போனாள். கிழவர் பெயரை ஊரே சேர்ந்து பாடியது. பிள்ளையின் பெயரை எங்கள் இருவரைத் தவிர வாய்விட்டுச் சொன்னவர் யாருமில்லை.

அந்தப் பாட்டுதான் அவளைத் தூக்கிவிட்டது. ஆனால் பாட்டில் ஒரு பெயர் வந்தால் அது காசு கொடுத்தவன் பெயர் என்றுதானே இந்த ஊருக்குத் தெரியும்?

"யாருய்யா இந்த இலோங்கா? இப்படி உருகுறாளே, எவ்வளவு அள்ளிக் குடுத்திருப்பான்?" என்றான் வண்டியோட்டி ஒருவன், நான் பின்னால் உட்கார்ந்திருப்பது தெரியாமல்.

"அங்கோலாவுல எண்ணெய்க் கிணறு வச்சிருக்கானாம்பா!" என்றான் பக்கத்திலிருந்தவன்.

கடைசியில் நிஜமாகவே ஒரு இலோங்கா முளைத்தார். கப்பலில் மீன் இறக்கி விற்பவர். தொப்பையும் முதலைத்தோல் செருப்புமாக, ஒனோரேயோடு எங்கள் ஒத்திகை முற்றத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, நீ என்னைத்தான் பாடினேன்னு ஊரே சொல்லுது. நானும் எத்தனை பேர்கிட்ட இல்லைங்கிறது?"

"இல்லைன்னு சொன்னீங்களா?" என்றேன்.

"முதல் நாள் சொன்னேம்மா," என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவர் போனதும் ஒனோரே குந்தி உட்கார்ந்தான். "ஐரோப்பாப் பயணம் மொத்தமும் அவரு செலவு. சனிக்கிழமை கச்சேரியில பேருக்கு முன்னால 'பாஸ்'னு மட்டும் சேர்த்துடு. ஒரு சொல்லு, அவ்வளவுதான்."

"அது என் புள்ள பேருடா," என்றாள் எகிலா.

"தெரியும். போனது போயாச்சு. இவரு உசிரோட நிக்கிறாரே!"

கையிலிருந்த இஞ்சித் தண்ணீரை அவன் தலையில் ஊற்றியிருப்பேன். எகிலாதான் என் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள்.

"களைச்சுப் போச்சுக்கா," என்றாள் அவன் போன பிறகு. "மாட்டேன்னு சொல்லக்கூடத் தெம்பில்ல. ஆனா 'பாஸ்'னு சேர்த்துட்டா அது அவரு பேராயிடும். என் புள்ளைக்குன்னு அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

இஞ்சித் தண்ணீரை அவள் கையில் கொடுத்தேன்.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. மீன்காரர் வெள்ளைக் கோட்டில் முன்வரிசையில் இருந்தார். பாட்டு தொடங்கியதும் மேடையேறி, எங்கள் ஊர் வழக்கப்படி எகிலாவின் நெற்றியில் பண நோட்டை ஒட்டினார். பெயர் வரும் வரியும் வந்தது. எகிலா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நான் எடுத்துப் பாடப் போனேன், அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

"இலோங்கா!" என்றது கூட்டம். அவர்கள் கற்றுக்கொண்டது அந்த வெறும் பெயரைத்தான். "இலோங்கா! இலோங்கா!"

ஓரத்தில் ஒனோரே, "பாஸ்! பாஸ் இலோங்கா!" என்று கத்தினான். எவன் காதில் விழும்? மீன்காரர் இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்.

எகிலா அப்படியே மேடைத் தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, செருப்பைக் கழற்றி, சாவு வீட்டுப் பாயில் பெற்றவள் உட்காருவதுபோல. நெற்றியில் ஒட்டிய நோட்டு விழுந்தது, அவள் எடுக்கவில்லை. நான் பதறிப்போய்க் குனிந்தேன்.

"என்னடி பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. பந்தல் போட்டுட்டாங்கக்கா," என்றாள். "என் புள்ளைக்கு."

அத்தனை வருஷமாக வராத அழுகை அவளுக்கு வந்தது. கித்தார்க்காரன் நிறுத்தாமல் அதே வரியைச் சுற்றிச் சுற்றி வாசித்தான். மீன்காரர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். ஆடட்டும், பந்தலென்றால் ஆடவும் நாலு பேர் வேண்டும். நான் அவள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கூட்டத்தோடு சேர்ந்து பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாடினேன்.