4417-ஆம் ஈடு

மார்க்கன்ஃபெல்ட் எஃகு ஆலை மூன்று முறை கைமாறி, மூன்று முறை பெயரையும் மாற்றிக்கொண்டது. நான்காவதாக வந்த முதலாளிகளுக்குத் திடீரென்று பழம்பெருமை வேண்டியிருந்தது. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை எழுத, சோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்ற புரூனோ சொபோட்டாவைப் பிடித்தார்கள். பீரங்கி வார்த்த காலத்தை இரண்டே பத்தியில் முடிக்கச் சொன்னார்கள். புரூனோ பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார்.

அடுத்து வந்தது 1968. அந்த ஆண்டில்தான் அவருடைய அண்ணன் ஹைன்ட்ஸ், உருகிய எஃகு நிறைந்த கொப்பரைக்குள் விழுந்தார். புதைக்க ஓர் எலும்புகூட மிஞ்சவில்லை. ஆள் விழுந்த ஈட்டை, அதாவது ஒரு தடவையில் உருக்கிய எஃகு முழுவதையும், விற்கக் கூடாது, மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது உலைக்காரர்களின் எழுதாத சட்டம். அதில் ஆள் எடைக்கு ஒரு கட்டியைச் சவப்பெட்டியில் வைத்துக் கல்லறைக்கு அனுப்புவார்கள். ஹைன்ட்ஸின் மனைவி இர்ம்கார்ட் நாற்பத்து நான்கு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் அங்கே சிவப்பு விளக்கு ஏற்றி வருகிறார்.

'அந்த ஈட்டை நாங்கள் விற்கவில்லை என்பதை மறக்காமல் எழுதவும்' என்று நிர்வாகம் குறிப்பு அனுப்பியிருந்தது. ஈட்டின் எண் 4417. சரிபார்த்துவிடலாமே என்று புரூனோ அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டினார். 'ஈடு 4417. தண்டவாளம். மார்க்கன்ஃபெல்ட் நிலையம், இரண்டாவது நடைமேடை.' பதிவேட்டை மூடிவிட்டு நேரே அண்ணி இர்ம்கார்டின் வீட்டுக்குப் போனார்.

அண்ணி பிளம் கேக் வெட்டி வைத்தார்.

"ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? கேக் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"அண்ணி, அண்ணன் அந்தக் கல்லறையில இல்ல." புரூனோ எல்லாவற்றையும் சொன்னார். "அவசர ஆர்டர்னு வித்துட்டாங்க, பாவிங்க. பெட்டியில வச்சது வேற ஏதோ இரும்பு."

"அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்குடா வெளக்கு ஏத்துனேன்?"

அண்ணி கேக் தட்டைத் தள்ளி வைத்தார். காபி ஆறிப்போனது.

"அந்தத் தண்டவாளம் இன்னும் அங்கதான் கெடக்கா?"

தொண்ணூற்றொன்பதில் அதைப் பெயர்த்துவிட்டார்கள். பழைய இரும்பாக இதே ஆலைக்குத்தான் திரும்பி வந்தது. உருக்குவதற்கு முன் சோதித்துக் கையெழுத்துப் போட்டதே புரூனோதான். தகர டப்பாவோ கார் கதவோ, என்னவாகிப் போனதென்று யார் கண்டார்கள்?

"அதேதான் அண்ணி. அங்கதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை புரூனோ ரயில் நிலையத்துக்குப் போனார். இரண்டாவது நடைமேடையின் ஓரத்தில், கோயிலுக்குப் போடும் நல்ல கோட்டோடு இர்ம்கார்ட் நின்றிருந்தார். காலடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரயில் வரும் சத்தம் கேட்டதும் குனிந்து அதைக் கையால் மறைத்துக்கொண்டார். ஆலை ஒரு முறைதான் அவரை ஏமாற்றியது. மறுமுறை ஏமாற்றியது சொந்தக் கொழுந்தன். புரூனோவுக்குத் தன்னை நினைத்தே கூசியது.

"புரூனோ, கிட்ட வாடா. கல்லறையில ஒரு நாளும் இப்படித் தோணல. இங்க அவர் இருக்காரு."

புரூனோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் போய் நின்றார்.