அக்கரைப் பூ

ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பு போடுகிற தங்கதுரைக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டு என்றால் உயிர்.

‘அக்கரைப் பூவைத் தேடி இக்கரை வண்டு போகும்,
ஆத்துக்குக் காவல் போட ஆருக்கு உரிமை ஆகும்?’

டிராக்டரிலும் அதுதான், போன் அடித்தாலும் அதுதான். ஆள் கிடைத்தால் உட்காரவைத்து அர்த்தம் சொல்வார். “அக்கரைன்னா வேற சாதிடா. ஆறுன்னா நடுவுல நாம வெட்டி வுட்ட பள்ளம். வண்டுக்கு அதெல்லாம் ஏது? எழுதினவன் மனுஷன்!” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும். ஒரே மகள் எழில்மதி அதைக் கேட்டே வளர்ந்தாள்.

நர்சிங் முடித்ததும் அவளுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் வேலை கிடைத்தது. குக்கிராமங்களிலிருந்து நோயாளிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வரும் அன்புச்செல்வன் அந்த மலையிலேயே பிறந்த பழங்குடிப் பையன். அவனைப் பிடித்துப்போனதை எழில்மதி வீட்டில் ஒளிக்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோது அப்பாவிடமே நேராகச் சொன்னாள்.

தங்கதுரையின் முகம் இருண்டது. “மலைக்காரனா? நான் ஊருல எப்படித் தலை காட்டறது?”

“வண்டுக்குக் கரை ஏதுன்னு நீதானப்பா சொன்ன?”

“பாட்டு வேற, வூடு வேற.”

“அப்ப எனக்கு இன்னாத்துக்கு அர்த்தம் சொல்லிக்குடுத்த?”

தங்கதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சேதி வந்த அன்று தங்கதுரை ஊர் பார்க்கக் கிணற்றடியில் தலை முழுகினார். மகள் செத்துவிட்டாள் என்று அர்த்தம். மனைவி கமலா அடுப்படியில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஆடித் திருவிழாவுக்கு ஊரில் ஆர்கெஸ்ட்ரா. பாடகன் அந்தப் பாட்டைப் பாடி முடித்ததும், “மாமா, அர்த்தம் சொல்லுங்க” என்று பையன்கள் கத்தினார்கள். சிலர் வேண்டுமென்றே சிரித்தார்கள். தங்கதுரை மேடையேறி மைக்கை வாங்கினார்.

“இது பக்திப் பாட்டு. அக்கரைன்னா கைலாசம். வண்டுன்னா நம்ம ஆத்மா. ஆறு, இந்தப் பிறவி. வெவரம் தெரியாதவங்க காதல் கீதல்னு நெனச்சிக்கினு இருக்காங்க.”

கூட்டம் கைதட்டியது. கமலா நடுவிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விடிந்ததும் கள்ளக்குறிச்சி போய் மலை பஸ் ஏறினாள். மகளுக்கு ஆறு மாசம். சம்பந்தியம்மா தினைமாவும் தேனும் பிசைந்து கொடுத்து, “இருந்துட்டுப் போங்க” என்றாள். எழில்மதி அம்மாவின் தோளுக்குப் பின்னால் வாசலையே பார்த்தாள்.

“அப்பா வரல இல்ல?”

“வரல.”

“நேத்து பேசுன வீடியோ பாத்தேன். நல்லாதான் பேசினாரு.” அதற்குமேல் அவள் அப்பா பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் கமலா திரும்பியபோது தங்கதுரை வாசலை மறித்து நின்றார். “அங்க போனல்ல? அவளாட்டம் நீயும் எனக்குச் செத்துட்ட.”

“சரி, நவுருங்க. உலை வைக்கணும்.”

அவர் நகர்ந்தார். கமலா சோறு வடித்து, குழம்பு வைத்துப் பரிமாறினாள். செத்தவள் கையால் போட்ட சோற்றை அவர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.