வராந்தாவில் நிற்கும் அண்ணன்

மூன்று மணிக்கு அறுவை சிகிச்சை. பெரியவன் வந்து முகம் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். பெரியவனோ கடல் கடந்து வேலை பார்ப்பவன். விடுப்பு வாங்கி வந்து சேர நான்கு நாளாகும். இன்றைக்கு விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சின்னவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

சின்னவளுக்குக் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் கடையில் வேலை. கோபித்துக்கொண்டு வராமல் போன சித்தப்பாவைக் குடும்பப் படத்தின் வரிசையில் நிறுத்துவாள், மூடிய கண்ணைத் திறந்து வைப்பாள். எத்தனையோ வீட்டு மானத்தைக் காப்பாற்றிய கை அது. இன்று சொந்த அம்மாவுக்காக அதே வேலையில் இறங்கியது.

காலையில் அம்மாவின் அறைக்கு வெளியே, வராந்தா ஜன்னலோரம் நின்று, நர்ஸ் ஒருத்தியை விட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பெரியவன் அனுப்பிய முழு உருவப் படத்தைக் கடைக் கணினியில் வெட்டியெடுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் மேல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, இவள் மேல் வலப்பக்கத்திலிருந்து. அவனை இடவலமாகத் திருப்பினாள், வெளிச்சம் பொருந்தியது. பிரிண்ட் போட்ட பிறகுதான் பார்த்தாள், அவன் சட்டைப்பை வலது மார்புக்குப் போயிருந்தது. பையைப் பெயர்த்து இந்தப் பக்கம் வைத்து, காலடியில் நிழல் போட்டு, மறுபடி பிரிண்ட் எடுத்து ஓடிவந்தபோது மணி இரண்டேகால்.

நீ தூங்கும்போது வந்தான், எழுப்ப வேண்டாம் என்றான் என்று சொல்லிப் படத்தைக் கொடுத்தாள். அம்மா மகன் முகத்தைத் தடவினாள். எழுந்து உட்கார்ந்து முடியைக் கோதிக்கொண்டாள்.

"இந்த வராந்தாதானே? ஏன்டி வெளியில நிக்க வச்சிருக்கே? உள்ள கூப்பிடு."

சட்டைப்பை வரைக்கும் யோசித்தவள் இதை யோசிக்கவே இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், ஏதோ அவன் நின்றாலும் நிற்பான் என்பதுபோல. பெஞ்சில் யாரோ ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். உள்ளே நர்ஸ் படிவத்தோடு கடிகாரத்தைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இனி நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

"அவன் வரலம்மா. நான்தான் ஒட்டினேன்."

கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தாள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது? அம்மாவின் விரல் பெரியவனை விட்டு மெல்ல நகர்ந்து சின்னவள் முகத்தில் வந்து நின்றது.

"இதுல நீயாவது நெஜமா நின்னியா?"

சின்னவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நின்னேன்மா. நாலு நாளா இங்கதான் நிக்கிறேன்."

அம்மா படத்தை மடியில் வைத்தாள். பிறகு நர்ஸிடம் பேனா கேட்டாள்.