எடைமேடைக் கம்ப்யூட்டரின் இரண்டு வாய்கள்

கல் யார்டின் லாரி எடைமேடைக் கூண்டுக்குள், கம்ப்யூட்டர் மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தான் வயர்மேன். எலி கடித்த பழைய கறுப்புக் கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆபீஸ் வரைக்கும் புது நீலக் கேபிள் இழுத்தாயிற்று. மத்தியானம் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு செட்டப்பில் 'ஆட்டோ' என்று வைத்ததும் எடை ஆபீசுக்குப் போனது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் போகவில்லை.

மேலே நாற்காலியில் அவன் அக்கா. ஜல்லி சுமந்து முதுகு போன பிறகு கிடைத்த நாற்காலி அது. சாயங்காலத்துக்குள் எடை வந்து சேராவிட்டால் கூண்டை மூடிவிட்டு லாரிகளைப் புது வாசலில் இருக்கும் இன்னொரு எடைமேடைக்கே அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மூடினால் அக்காவுக்கு மறுபடி ஜல்லிக் கூடைதான்.

"ஏன்டா, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"அக்கா, கொஞ்சம் சும்மா இரேன். கார்டு புதுக் கேபிளைக் கண்டுக்கவே மாட்டேங்குது."

"கார்டு பழசுல்ல. புதுசா வந்த மருமகளை மாமியார் உடனே சேத்துக்குவாளா?"

டார்ச் அடித்துப் பார்த்தான். நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு வாய். பழைய கேபிளுக்கு வட்டம், புதுசுக்குச் சதுரம். சதுரத்தில் நீலக் கேபிள் ஒழுங்காகத்தான் இருந்தது. வட்டத்தில், பழைய கேபிளின் முனையில் கிடந்த உலோகக் குமிழை யாரோ இறுக்கி மாட்டியிருந்தார்கள்.

"இதை யாரு மாட்டினது?"

"நான்தான். ஓட்டையைத் திறந்து போட்டுட்டுச் சோத்துக்குப் போயிட்ட. தூசி போகாதா?"

அந்தக் கல் யார்டில் திறந்த ஓட்டையை யாரும் விட்டுவைப்பதில்லை. சாவித்துவாரத்துக்குக்கூடத் துணி அடைத்திருக்கும். ஆனால் இது வெறும் மூடியில்லை. குமிழ் இருந்தால் பழைய கேபிள் இன்னும் இருக்கிறதென்று கார்டு நம்பிவிடும். ஆட்டோவில் வைத்தால் அது முதலில் வட்டத்தைத்தான் பார்க்கும்.

"என்னாலயாடா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"உன்னால இல்ல. ஆட்டோன்னு வெச்சுட்டுப் போன சோம்பேறி நான்."

குமிழைக் கழற்றினான். செட்டப்பைத் திறந்து, ஆட்டோவை எடுத்துவிட்டு, சதுர வாய்தான் என்று அடித்துச் சொல்லி வைத்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஜல்லி லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. அக்கா பட்டனை அமுக்கினாள்.

போன் அடித்தது. மேனேஜர்.

"எடை வந்துருச்சும்மா. அங்க போன வண்டிகளைத் திருப்பி விடுறேன், நீயே போடு."

அக்கா போனை வைத்துவிட்டு நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். மெதுவாக மூச்சு விட்டாள். அப்புறம் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"யோவ் டிரைவரு, எடை போட்டாச்சு. மேடையில படுத்துத் தூங்கப் போறியா? எடுய்யா வண்டியை!"