பென்சிலில் எழுதிய சளி

அந்த ஆய்வுக்கூடத்தில் ‘சளி போடுவது’ என்று ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கூடாது என்று தடுத்ததும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே அது அவளுக்குக் கைவந்துவிட்டது. ஏழு வருடம் டெக்னீஷியனாக இருந்ததில் மரத்தும் போய்விட்டது.

அங்கே நடந்த ஆய்வு இதுதான். புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட பிள்ளைகளின் ரத்தம் வரும். இனிப்புத் தின்றதால் வந்தது என்று ஊர் வாய் கூசாமல் சொல்லுமே, அந்தக் கதை இல்லை. உடம்பு தன் கணையத்தையே பகையாளி என்று நினைத்து அடித்து நொறுக்குகிற வகை. அந்தச் சண்டை நடக்கும்போது ரத்தத்தில் சில பொருள்களின் அளவு ஏறும். அறிக்கையில் அழற்சிக் குறியீடுகள் என்று எழுதுவார்கள். புகையை அளந்து நெருப்பைக் கணக்குப் போடுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பிள்ளைகளின் ரத்தமும் வேண்டும். அதற்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் ஊழியர்களின் பிள்ளைகளும் கை நீட்டினார்கள். நோயுள்ள பிள்ளையின் குழாயில் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாத பிள்ளையின் குழாயில் பச்சை. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரெஜிஸ்டர் அக்காவின் பீரோவில், ஒட்டிய கவர்களுக்குள் இருந்தது.

பச்சைக் குழாயில் அளவு ஏறியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. கவரைப் பிரித்து, வீட்டுக்குப் போன் போட்டு, இரண்டு வாரத்துக்குள் பிள்ளையை வரவழைத்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். கூடவே சர்க்கரையும், கணையத்தைத் தாக்குகிற ஆன்டிபாடி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் போன் போட்டால் பெற்றவர்கள் பதறுவார்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அறிக்கை தள்ளிப்போகும், ஆய்வை நடத்தும் பெரிய டாக்டர் முகம் கடுகடுவென்று ஆகும். பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும், அதனால் ஏறியிருக்கும், அவ்வளவுதானே? பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. அதனால் நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘சளி’ என்று எழுதிவிட்டு, கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான் பார்த்தாள்.

அவளுக்கு ஒரே மகள். பதினொரு வயது. வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று திரும்பிப் பார்ப்பாள். பச்சைக் குழாய்க்கு நான்கு பிள்ளைகள் குறைந்தபோது ஒரு விடுமுறை நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஏம்மா, என் ரத்தம்தான் வேணும்னு கேட்டாங்களா?”

“நல்ல ரத்தமா வேணுமாம். உன்னோடது நல்ல ரத்தம்டி.”

அதைச் சொல்லிச் சொல்லி வாயாடி ஒரு வாரம் பள்ளியில் பீற்றிக்கொண்டாள்.

ஐந்து மாதம் போனது. பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் ஒன்று இரண்டானது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வளர்கிற வயது, உயரம் போடுகிறாள் என்று அம்மாவே சிரித்துக்கொண்டு ஊக்கு குத்திவிட்டாள். பகல் முழுவதும் இந்த நோயின் ரத்தத்தில் கை வைத்துக்கொண்டிருந்தவள்! கண்ணிருந்தும் குருடு என்று அவளை நான் திட்டலாம். தன் பிள்ளை என்று வரும்போது எல்லோர் கண்ணும் அப்படித்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பள்ளியிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் மகள் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தாள். ஓடிவந்தவளைப் போல மூச்சு வாங்கியது. குனிந்து முகத்தருகே போனபோது அழுகிய பழத்தின் வாடை வந்தது. சர்க்கரை முற்றி ரத்தம் அமிலமாகும்போது வருகிற வாடை அது என்று அவளுக்குத் தெரியும். மகளை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வாயாடி ஒன்றரை நாள் கண் திறக்கவில்லை. பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர்கள் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் சாயங்காலம் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கணவன் அப்போதுதான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், அதிகம் பேசமாட்டான்.

“உங்க லேப்ல இவகிட்ட ரத்தம் எடுத்தீங்களே, அப்போ ஒண்ணும் தெரியலையா?”

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்க” என்றாள்.

சொல்ல வேண்டியவள் யார் என்பது, சொன்ன பிறகுதான் உறைத்தது. காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

“பிள்ளை ஆஸ்பத்திரில இருந்தா பிரிக்கலாம்தான். ஆனா இப்ப எதுக்குடி?” என்று கேட்டுக்கொண்டே ரெஜிஸ்டர் அக்கா கவரைக் கிழித்தாள். “பச்சை, நூத்திப் பன்னெண்டு.”

அவள் நோட்டைப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டில் மூன்று குறியீடுகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்தில் ‘சளி’. அந்த மாதம் வாயாடி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

பெரிய டாக்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். “அந்த நம்பரை மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாதும்மா. வேற எதுனாலயும் ஏறியிருக்கலாம். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

“ரூல்படி மறுபடி எடுத்திருந்தா, சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆன்டிபாடி தெரிஞ்சிருக்கலாம். நோயைத் தடுத்திருக்க முடியாது. ஆனா எச்சரிக்கையா இருந்திருப்பீங்க. இவ்வளவு தூரம் வந்திருக்காது.” பிறகு தயங்கி ஒரு படிவத்தை நகர்த்தினார். “புதுசா கண்டுபிடிச்ச முதல் வாரத்து ரத்தம் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை சிவப்பு ஸ்டிக்கர்.

நர்ஸ் ஊசியோடு வந்தபோது வாயாடி சோர்ந்த கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். “இப்பவும் நல்ல ரத்தம்னுதான் கேக்குறாங்களாம்மா?”

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விதியையும், பென்சிலையும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதையும் சொன்னாள். அடித்துவிடுவான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“லிஃப்ட்ல சிவப்பு லைட்டு எரிஞ்சா நாங்க பல்பைக் கழட்டிட்டுப் போறதில்ல” என்றான். குரல் உடைந்திருந்தது. பிறகு கேட்டான்: “இவளோட சேத்து எத்தனை பேருக்கு அப்படி எழுதின?”

அந்தக் கேள்வி அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் பிள்ளைக்காக மட்டும் அழுதுகொண்டிருந்தவளுக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் ஏழு வருடத்து நோட்டுகளையும் மேசையில் பரப்பினாள். அவள் கையெழுத்தில் இருபத்து மூன்று சளி. ரெஜிஸ்டர் அக்கா மறுபேச்சில்லாமல் கவர்களை எடுத்துப்போட்டாள். பெரிய டாக்டர் கதவோரம் வந்து நின்றார். நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்காகப் போன் போடத் தொடங்கினாள். முதல் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது வீட்டில் பையன் கால்பந்து ஆடப் போயிருந்தான், நன்றாக இருந்தான். மூன்றாவது வீட்டில் ஒரு தகப்பன், இப்போதுதான் உங்களுக்கு ஞாபகம் வந்ததா என்று வாங்குவாங்கென்று வாங்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான்காவது வீட்டில் ஒரு தாய் எடுத்தாள்.

“போன வருஷம் உங்க பொண்ணு ஸ்கூல்ல எங்களுக்கு ரத்தம் குடுத்தா. அது விஷயமாதான் பேசுறேம்மா. பொண்ணு நல்லா இருக்காளா?”

“நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் இளைச்சிட்டா, பரீட்சை நேரம் பாருங்க. ஏன்?”

“ரொம்பத் தண்ணி குடிக்கிறாளா?”



“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் அந்தத் தாய்.